அரியலூர்த் தண்ணீரும் பர்ட்டன் நகரத்துத் தண்ணீரும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று பள்ளியில் படித்தோம். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்தப் பாடத்தை முழு மனத்தோடு ஒப்புக்கொள்வது கடினம். ஒரு கிணற்று நீரில் துணி துவைத்தால் சவுக்காரம் நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு நிற்கும். அடுத்த தெருக் கிணற்று நீரில் அதே சவுக்காரம் பொங்கி வழியும். ஒரு நீரில் பருப்பு பூப்போல வேகும். இன்னொரு நீரில் விறகெல்லாம் எரிந்து தீர்ந்தாலும் பருப்பு பருப்பாகவே இருக்கும். நம் தாய்மார்கள் இவற்றை 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று இரண்டே சொற்களில் வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் வேதியியலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த வேதியியலை உலகிலேயே மிகக் கூர்மையாக ஆராய்ந்தவர்கள் யார் தெரியுமா? குடிநீர் வாரியத்தார் அல்லர்; மருத்துவர்களும் அல்லர். ஐரோப்பாவில் பீர் காய்ச்சியவர்கள்! பீர் என்ற சொல்லைக் கண்டதும் பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டாம். அவர்களுடைய பானம் நமக்கு வேண்டாம்; அவர்கள் தண்ணீரைப் பற்றிக் கற்ற பாடம் மட்டும் வேண்டும்.

மண் தந்த குணம்

மழைநீர் ஏறக்குறையத் தூய நீர். அது மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. அந்த மெல்லிய அமிலம் வழியில் எந்தப் பாறையைச் சந்திக்கிறதோ, அந்தப் பாறையின் குணத்தைத் தன்னோடு எடுத்துக்கொள்கிறது.

அரியலூர்ப் பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. கிரெட்டேசியஸ் காலத்தின் கடற்படிவுகள் இங்கே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புப் பாறையில் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகளை இன்றும் கையால் தொட்டுப் பார்க்கலாம். சிப்பி ஓடு என்பது கால்சியம் கார்பனேட். இந்தச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் நம் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. ஆலைக்குச் செல்வம் தந்த அதே கல்தான் கிணற்றுக்குக் கடினத்தையும் தந்தது.

பெரம்பலூர் மாவட்டத்தில் இரண்டு முகங்கள் உண்டு. மேற்கே பச்சைமலையைச் சார்ந்த பகுதி பழமையான கடும்பாறை. கிழக்கே சாத்தனூர், காரை, கொளக்காநத்தம் பக்கம் போனால் மீண்டும் பழைய கடல். சாத்தனூரில் கல்லாகிப் போன மரத்தைக் காண வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். காரையின் களிமண் மேடுகளிலோ, வெயிலில் கண்ணாடித் துண்டுகள்போல மின்னும் கனிமம் ஒன்று நரம்பு நரம்பாக ஓடுகிறது. அதுதான் ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்பேட். சிமெண்ட் மிக விரைவில் இறுகிவிடாமல் தடுக்க இதைச் சிறிதளவு கலப்பார்கள். இந்த ஜிப்சம் என்னும் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது நம்மை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லும்.

கடினம் இருவகை

கால்சியம், மக்னீசியம் ஆகிய இரு உலோகங்களின் அயனிகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீரே கடின நீர். இவை சவுக்காரத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகின்றன. உள்ள கால்சியமும் மக்னீசியமும் தீரும் வரை நுரை வருவதில்லை. அத்தனை சவுக்காரமும் வீண்.

இந்த அயனிகள் எந்தத் துணையோடு நீருக்குள் வந்தன என்பதைப் பொறுத்துக் கடினம் இருவகைப்படும். சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து, பைகார்பனேட்டைத் துணையாகக் கொண்டு வந்திருந்தால் அது தற்காலிகக் கடினம். நீரைக் கொதிக்க வைத்தால் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் வெண்படிவாகப் பிரிந்துவிடும். வெந்நீர்த் தவலையின் உள்ளே அப்பிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பொருக்கு இதுவே. பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பி ஓடு, நம் வீட்டு அடுப்பில் மறுபிறவி எடுக்கிறது என்று சொன்னால் மிகையாகாது!

ஜிப்சத்தைக் கரைத்து, சல்பேட்டையோ குளோரைடையோ துணையாகக் கொண்டு வந்திருந்தால் அது நிலைத்த கடினம். இதை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நீங்காது.

சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, கடினத்தைத் தருவதில்லை. ஆகவே நாம் 'உப்புத் தண்ணி' என்று ஒரே பெயரால் அழைப்பதில் மூன்று வேறு நீர்கள் அடங்கியிருக்கின்றன: கரிக்கும் நீர், கொதித்தால் திருந்தும் நீர், கொதித்தாலும் திருந்தாத நீர். மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றே என்று எண்ணுவதில்தான் பணமும் உழைப்பும் வீணாகின்றன.

ஒரு கிணற்றை அளந்து பார்ப்போம்

கடினத்தை அளப்பது இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு எட்டாத வித்தையன்று. 20 மி.லி. நீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, அம்மோனியத் தாங்கல் கரைசலால் பி.எச். அளவை 10 ஆக்கி, எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியைச் சேர்த்தால் நீர் திராட்சைச் சிவப்பாகும். 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். சிவப்பு முற்றிலும் மறைந்து நீலம் தோன்றும் இடமே முடிவு. இக்கரைசலின் ஒவ்வொரு மி.லி.யும் 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கிணற்றைக் கற்பனை செய்துகொள்வோம். 20 மி.லி. நீருக்கு 7 மி.லி. ஈ.டி.டி.ஏ. செலவாயிற்று. 20 மி.லி.யில் 7 மி.கி. என்றால் லிட்டருக்கு 350 மி.கி. மொத்தக் கடினம்.

அடுத்து அதே நீரின் 20 மி.லி.யை மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டியோடு 0.02 நார்மல் கந்தக அமிலத்தால் தரம் பார்க்கிறோம். இங்கும் 1 மி.லி. அமிலம் 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 5 மி.லி. செலவானால் லிட்டருக்கு 250 மி.கி. காரத்தன்மை. காரத்தன்மை மொத்தக் கடினத்தைவிடக் குறைவாக இருக்கும்போது, அந்தக் காரத்தன்மையின் அளவே தற்காலிகக் கடினம். ஆகவே நம் கற்பனைக் கிணற்றில் தற்காலிகக் கடினம் 250. எஞ்சிய 100 நிலைத்த கடினம். இரண்டே தரம்பார்த்தலில் கிணற்றின் சாதகத்தைக் கணித்துவிட்டோம்!

இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினம் லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. நம் கிணறு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. குடித்தால் கேடில்லை; ஆனால் அடுக்களையில் தொல்லை தரும்.

பீர் காய்ச்சியவர்கள் கற்ற பாடம்

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். டிரென்ட் ஆற்றங்கரையில் பர்ட்டன் என்று ஒரு சிறிய நகரம். 1820களில் அவ்வூரார் இந்தியச் சந்தைக்கென்றே கசப்பான வெளிர்நிற 'ஏல்' வகைப் பீரைக் காய்ச்சிக் கப்பலில் அனுப்பத் தொடங்கினார்கள். சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்த வெள்ளையர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். இலண்டன் நகரத்தார் அதே தானியம், அதே செய்முறை கொண்டு காய்ச்சிப் பார்த்தும் பர்ட்டனின் தெளிவும் சுவையும் வரவில்லை. சிலர் பர்ட்டனுக்கே சென்று ஆலை கட்டினார்கள்.

காரணம் கிணற்றில் இருந்தது. பர்ட்டனின் நிலத்தடியில் ஜிப்சம் படிந்திருக்கிறது. அவ்வூர்க் கிணற்று நீரில் கால்சியமும் சல்பேட்டும் லிட்டருக்குப் பல நூறு மில்லிகிராம். நம் காரை மேட்டில் மின்னும் அதே கனிமம்தான்! பிற்காலத்தில் வேதியியலார் இதைக் கண்டறிந்ததும், பிற ஊர்க்காரர்கள் தங்கள் நீரில் ஜிப்சத்தைத் தூவிப் 'பர்ட்டன் நீர்' செய்துகொண்டார்கள். நீரைப் பர்ட்டனாக்குதல் என்றே அதற்கு ஒரு பெயரும் ஏற்பட்டது.

பொகீமியாவில் பில்சன் என்றோர் ஊர். அவ்வூர் நீரில் கரைந்த உப்புகள் மிக மிகக் குறைவு; ஏறக்குறைய மழைநீர் போன்றது. 1842இல் அங்கே பொன்னிறமான, மென்மையான பீர் பிறந்தது. அயர்லாந்தின் டப்ளின் நகரத்து நீரோ நம் அரியலூர் நீரின் உறவுக்காரன், பைகார்பனேட் மிகுந்தது. அங்கே வெளிர்நிறப் பீர் சரியாக அமையவில்லை. கருக வறுத்த தானியம் சேர்த்த கரிய பீர்தான் சிறந்தது. கருக வறுத்த தானியம் புளிப்புத் தன்மை உடையது. அது நீரின் காரத்தைத் தணித்தது. இவர்கள் யாரும் முதலில் வேதியியல் படித்தவர்கள் அல்லர். தங்கள் ஊர் நீர் எதற்கு இசைகிறதோ அதைச் செய்து பிழைத்தார்கள். காரணத்தைப் பின்னால் வந்த அறிவியல் விளக்கியது.

முளைவிட்ட தானியமும் பி.எச். அளவும்

பீரின் அடிப்படை முளைகட்டிய வாற்கோதுமை. தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமிலேஸ் என்னும் நொதிகள் அதில் உண்டாகின்றன. நமக்கும் இது புதிதல்ல. முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோம். சாதாரணக் கேழ்வரகு மாவுக் கஞ்சியைவிட அது இளகலாகவும் சற்றே இனிப்பாகவும் இருப்பது இந்த நொதிகளின் வேலையே.

நொதிகள் மனம்போன போக்கில் வேலை செய்வதில்லை. ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 5.2 முதல் 5.6 வரையிலான பி.எச். அளவும் இருந்தால்தான் வாற்கோதுமைக் கூழில் அவை நன்கு உழைக்கும். இங்கேதான் நீர் குறுக்கிடுகிறது. நீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை விழுங்கி பி.எச். அளவை உயர்த்துகிறது. கால்சியமோ தானியத்தின் பாஸ்பேட்டுகளோடு சேர்ந்து படிந்து, ஹைட்ரஜன் அயனியை விடுவித்து, பி.எச். அளவைத் தாழ்த்துகிறது. ஒரே நீருக்குள் இரு கட்சிகள்! எந்தக் கட்சி வெல்கிறது என்பதே கேள்வி.

1953இல் ஜெர்மானியரான பால் கோல்பாக் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். காரத்தன்மையிலிருந்து, கால்சியக் கடினத்தில் மூன்றரையில் ஒரு பங்கையும் மக்னீசியக் கடினத்தில் ஏழில் ஒரு பங்கையும் கழித்தால் வருவது எஞ்சிய காரத்தன்மை. நம் கற்பனைக் கிணற்றின் 350 மி.கி. கடினத்தில் கால்சியத்தின் பங்கு 280, மக்னீசியத்தின் பங்கு 70 என்று வைத்துக்கொள்வோம். 280ஐ மூன்றரையால் வகுத்தால் 80; 70ஐ ஏழால் வகுத்தால் 10. ஆக 250 கழித்தல் 90, அதாவது 160. வெளிர்நிறப் பீருக்கு இது மிக அதிகம்.

இதே நீரைக் கொதிக்க வைத்துத் தெளிவை இறுத்தால் காரத்தன்மை 250இலிருந்து 100க்கு இறங்குவதாகக் கொள்வோம். போன 150இன் பங்குக்குக் கால்சியமும் படிந்து 130 ஆகும். புதிய கணக்கு: 100 கழித்தல் 37 கழித்தல் 10, அதாவது 53. பிறகு லிட்டருக்கு 172 மி.கி. ஜிப்சம் சேர்த்தால் கால்சியக் கடினம் 100 கூடி 230 ஆகும். எஞ்சிய காரத்தன்மை ஏறத்தாழ 24க்கு இறங்கிவிடும். காரை மண்ணில் கிடக்கும் ஒரு சிட்டிகைக் கனிமம் என்ன மாற்றம் செய்கிறது பாருங்கள்!

பி.எச். என்ற அளவுகோலே ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில்தான் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலை 1875இல் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவியது. அங்கே பணியாற்றிய சோரன்சன் 1909இல் நொதிகளை ஆராயும்போது இந்த அளவுகோலை வகுத்தார். இன்று மண் பரிசோதனை முதல் இரத்தப் பரிசோதனை வரை அது இல்லாத துறை உண்டா?

குழாய் நீரைத் திருத்தும் முறை

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சட்டத்தின் இசைவோடு வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் உண்டு. நகராட்சிக் குழாயில் வரும் நீரை அவர்கள் அப்படியே பயன்படுத்துவதில்லை. முதல் வேலை குளோரினை நீக்குவது. கிருமியைக் கொல்லும் குளோரின், தானியத்திலும் நொதித்தலிலும் உண்டாகும் பீனால் வகைப் பொருள்களோடு சேர்ந்தால் மருந்துக்கடை நெடி அடிக்கும் குளோரோபீனால் ஆகிறது. மிக நுண்ணிய அளவே பானத்தைக் கெடுத்துவிடும். நீரைத் திறந்த பாத்திரத்தில் ஓரிரவு வைத்தாலோ கொதிக்க வைத்தாலோ குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். சில நாடுகளில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமீன் கலக்கிறார்கள். அது அவ்வளவு எளிதில் போகாது. அதற்கு மெட்டாபைசல்பைட் மாத்திரை போடுவார்கள். அது குளோரினைத் தீங்கற்ற குளோரைடாக ஒடுக்கிவிடும்.

இரண்டாவது, காரத்தன்மையைக் குறைப்பது: கொதிக்க வைத்து இறுப்பது, அல்லது லாக்டிக் அமிலம் சில துளிகள் சேர்ப்பது. மூன்றாவது, வேண்டிய உப்பைச் சேர்ப்பது: கசப்பு எடுப்பாக வேண்டுமானால் ஜிப்சம், நிறைந்த மென்சுவை வேண்டுமானால் கால்சியம் குளோரைடு. முதலில் நீக்கு, பிறகு சேர். அதற்கெல்லாம் முன்னால் அளந்து பார். இதுவே அவர்களுடைய மந்திரம்.

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். 2024 ஜூனில் நமக்கு அருகிலுள்ள கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை யாரும் மறக்க முடியாது. எனவே இந்த மந்திரத்தை நாம் உச்சரிக்க வேண்டிய இடம் நம் வீட்டு அடுப்பங்கரையே.

அடுப்பங்கரை என்னும் ஆய்வுக்கூடம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடுமுறையில் ஊருக்குப் போனால், "காலேஜில என்னப்பா சொல்லிக் கொடுக்கிறாங்க?" என்று அம்மா கேட்பார். கடின நீரைப் பற்றிச் சொன்னேன். "இதைத்தானா? பருப்புக்குக் குழாத் தண்ணி, பாத்திரம் கழுவக் கிணத்துத் தண்ணின்னு நான் எப்பவோ பிரிச்சு வச்சிருக்கேனே" என்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மாவின் சொல்லில் எவ்வளவு வேதியியல் இருக்கிறது என்று பார்ப்போம்.

பருப்பின் செல்களைப் பசைபோல ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். கால்சியம் அதனோடு சேர்ந்தால் கரையாத கால்சியம் பெக்டேட் ஆகி, செல்கள் பிரியாமல் இறுகிவிடுகின்றன. பருப்பு வேகாததன் காரணம் இதுவே. கொள்ளிடக் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில் ஆற்று நீரைப் பருப்புக்கென்று எடுத்து வைப்பது முற்றிலும் சரி. அது கிடைக்காத நாளில், கிணற்று நீரை முதலில் தனியாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மேலாக இறுத்த தெளிவில் பருப்பைப் போட்டால், தற்காலிகக் கடினம் நீங்கிய அளவுக்குப் பருப்பு இளகும். ஒரு சிட்டிகைச் சமையல் சோடா போடுவதும் இதே நோக்கில்தான். ஆனால் அளவு மிஞ்சினால் பி வைட்டமின்களில் சில அழியும். பருப்பு வெந்த பிறகே புளி கரைத்து ஊற்ற வேண்டும் என்பார்கள். புளியின் அமிலம் பெக்டினைக் கரையவிடாது. வரிசை மாறினால் குழம்பு கெடும் என்பது மூடநம்பிக்கையன்று. அனுபவத்தில் விளைந்த அறிவியல்.

தேநீரைப் பாருங்கள். பைகார்பனேட் மிகுந்த நீரில் போட்ட பாலில்லாத தேநீர் கறுத்து, மேலே மெல்லிய ஏடு படியும். தேயிலையின் பாலிபீனால்கள் கால்சியத்தோடும் பைகார்பனேட்டோடும் சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைவதால் வருவது அந்த ஏடு. இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஏடு மறைந்து நிறமும் வெளிறும். டப்ளின்காரன் வறுத்த தானியத்தின் புளிப்பால் செய்ததை நாம் எலுமிச்சையால் செய்கிறோம். வேதியியல் ஒன்றே!

எதனால் எது நீங்கும்?

நம்மூரில் தண்ணீரைப் பற்றிய சில எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பது நலம்.

படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைத் தெளிய வைக்கும், கடினத்தை நீக்கா. தெளிந்த நீரெல்லாம் மென்னீர் அன்று.

கொதிக்க வைத்தல் கிருமியைக் கொல்லும். தற்காலிகக் கடினத்தின் பெரும்பகுதியை நீக்கும். நிலைத்த கடினம், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றை நீக்காது. நீர் சுண்டுவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் ஊரார், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்வது அறிவுடைமை.

துவைக்கும் நீருக்கு எளிய வழி ஒன்று உண்டு. 1841இல் ஸ்காட்லாந்தின் தாமஸ் கிளார்க் என்ற வேதியியல் பேராசிரியர் காப்புரிமை பெற்ற முறை அது. சுண்ணாம்பு மிகுந்த நீரில் சுண்ணாம்பையே சேர்ப்பது! நீற்றிய சுண்ணாம்பு பைகார்பனேட்டைக் கார்பனேட்டாக மாற்ற, இருவர் பங்குக் கால்சியமும் சேர்ந்து படிந்துவிடுகிறது. முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான். லிட்டருக்கு 100 மி.கி. தற்காலிகக் கால்சியக் கடினத்தை நீக்க 74 மி.கி. நீற்றிய சுண்ணாம்பு போதும். நம் கற்பனைக் கிணற்றுக்கு 185 மி.கி.; தெளிந்த நிறைசுண்ணாம்பு நீராக என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 120 மி.லி. எஞ்சிய 100 மி.கி. நிலைத்த கடினத்துக்கு லிட்டருக்கு 106 மி.கி. நீரற்ற சலவைச் சோடா. ஓரிரவு தெளியவிட்டு இறுத்தால் சவுக்காரம் நுரைக்கும். இந்நீர் துணிக்கு மட்டுமே. அளவு தவறினால் காரம் மிகுந்துவிடும், குடிக்கவோ சமைக்கவோ ஆகாது.

எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி எல்லா உப்புகளையும் நீக்கும். கரிக்கும் நீருக்கும் ஃபுளோரைடு மிகுந்த நீருக்கும் அது தேவையே. ஆனால் உள்ளே போகும் நீரில் கணிசமான பங்கைக் கழிவாக வெளியேற்றுகிறது. கொள்ளிடத்து நீர் குழாயில் வரும் வீட்டிலும், அளந்து பாராமலே மாதாமாதம் கேன் தண்ணீருக்குக் கூலிப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து வைப்பது தேவைதானா என்று சிந்திக்க வேண்டும். குளோரின் நெடிதான் குறை என்றால், ஒரு மண்பானையில் ஊற்றித் திறந்து வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

"இந்தத் தண்ணியைக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும்" என்ற அச்சமும் பரவலாக உண்டு. கடின நீரே கல்லுக்குக் காரணம் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. போதிய அளவு தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் செறிவடைவதுதான் ஐயமின்றி நிறுவப்பட்ட காரணங்களுள் முதன்மையானது. கல்லுக்குப் பயந்து வெயிலில் வேலை செய்பவர் தண்ணீரைக் குறைத்தால், எதற்குப் பயந்தாரோ அதையே தேடிக்கொள்கிறார்.

நாம் செய்யத்தக்கது

பர்ட்டனின் கிணற்று நீர் இன்றைய நம் குடிநீர்த் தரத்தின் சல்பேட் வரம்பாகிய 400 மி.கி.யையே தாண்டக்கூடியது. ஆயினும் அவ்வூர் மக்கள் தங்கள் நீர் கெட்டது என்று அழவில்லை. அது எத்தகையது என்று தெரிந்துகொண்டு வாழ்ந்தார்கள். நல்ல நீர், கெட்ட நீர் என்று இரண்டே வகை இல்லை. எந்த வேலைக்கு எந்த நீர் என்பதே கேள்வி.

நம் கல்லூரிக்கு அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் எத்தனையோ சிற்றூர்களிலிருந்து மாணவர்கள் வருகிறோம். ஒவ்வொருவரும் தம் ஊர்க் கிணறு, ஆழ்துளைக் கிணறு, குழாய் ஆகிய மூன்றிலிருந்தும் ஒரு புட்டி நீர் கொண்டுவந்தால், செய்முறை வகுப்பில் எப்படியும் செய்யப்போகும் தரம்பார்த்தலை அந்நீரிலேயே செய்யலாம். மொத்தக் கடினம், காரத்தன்மை என்ற இரண்டே எண்களை ஊர்ப் பெயரோடு வரிசையாக எழுதினால், ஓராண்டில் இவ்விரு மாவட்டங்களின் தண்ணீர்ப் படம் ஒன்று நம் கையில் இருக்கும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும் ஊரில் அந்த எண்களைச் சொல்லி, "இந்தக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் திருந்தும், அந்தக் கிணற்று நீர் திருந்தாது, இதைப் பருப்புக்கு வையுங்கள், அதைத் துவைக்க வையுங்கள்" என்று விளக்கலாம்.

ஆய்வுக்கூடத்து அலமாரியில் பியூரெட்டும் ஈ.டி.டி.ஏ. கரைசலும் தயாராக இருக்கின்றன. வேண்டியது ஊருக்கொரு புட்டித் தண்ணீர். அடுத்த திங்கட்கிழமை ஊரிலிருந்து பேருந்தேறும்போது அதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே.